ஒரு மரத்துக்குத்தான் இடம்

சிவமயம்

மருதனார்மடம்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் டிலக்ஷனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கினால் நீ நம்பமாட்டாய். நலமில்லை என்று தொடங்கினால் வினோஜாவுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீயும் வினோஜாவும் சின்னவளும் அந்த டார்வின் ஊர் வெயிலில் தலைக்கு ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு திரியுங்கள். சந்தியில் இருக்கிற ஆஞ்சநேயருக்கு உங்கள் மூவரின் பெயரையும் கிழமை தவறாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவருக்குக் காது கேட்கும் என்று நினைக்கிறேன்.

எனக்குத்தான் கேட்காது. போனில் கதைக்காமல் இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறேனே என்று வினோஜா சிரித்தாளாம். சுன்னாகத்து அரிசி மில்லில் மெசினுக்குப் பக்கத்தில் நின்று நின்று போன காது, பிள்ளை. நீ வீடியோவில் வந்து வாயை வாயை அசைக்கிறாய். உன் அம்மா அதைக் கேட்டு என் காதுக்குள் கத்துகிறாள். நீ ஒரு பாட்டம் சொன்னால் எனக்கு வந்து சேர்வது ஒரு வார்த்தை. அதுவும் அவளுக்குப் பிடித்த வார்த்தையாகப் பார்த்துத்தான் சொல்லுவாள். எழுதினால் அந்தக் கரைச்சல் இல்லை.

பக்கத்து வீட்டுத் தயாளினி பின்னேரம் வந்து இந்தத் தாள்களைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். படம் பிடிக்கிற சாக்கில் ஒரு எழுத்து விடாமல் வாசிப்பாள். தயாளினி, நீ வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், கள்ளி. அவளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. வைகாசியில் நாள் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை மானிப்பாய்ப் பக்கம். போனாளென்றால் பிறகு யார் படம் பிடிக்கப் போகிறார்களோ தெரியாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் பின்பக்கத்தில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெறும் நிலம் இருக்கிறதாம். வீட்டுக்காரன் ஒரே ஒரு மரம் நட விட்டிருக்கிறானாம். அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தீமோர் நாட்டுப் பெண் ஒருத்தி முருங்கைத் தடியும் விற்கிறாளாம், அகத்தி நாற்றும் விற்கிறாளாம். இரண்டில் எதை வாங்க என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாயாம். இதைக் கொம்மா என் காதுக்குள் கத்தியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. இந்த இரண்டு மாதமாக எல்லோரும் என்னிடம் கேட்பது சாப்பிட்டீர்களா, படுத்தீர்களா, வயிற்றால் போனதா என்பதுதான். ஒரு மனிதனிடம் கேட்கக்கூடிய கேள்வியை நீ ஒருவன்தான் கேட்டாய்.

முருங்கைக்கு விதை நாற்று என்று மினக்கெடத் தேவையில்லை. கை மொத்தத்தில் ஒரு தடியை வெட்டி நட்டால் வேலிக் கதியால் மாதிரித் துளிர்த்துக்கொண்டு வரும். இலை, பூ, காய் மூன்றும் கறிக்காகும். கொம்மா நண்டுக்கறியை இறக்குகிறபோது மேலே ஒரு கைப்பிடி முருங்கையிலை போட்டு மூடுவாளே, அந்த வாசத்துக்கு ஒழுங்கை முழுக்க ஆள் திரும்பிப் பார்க்கும். நீ அங்கே நண்டு மலிவு என்று சொன்னாய். பிறகு என்ன யோசனை. தண்ணீர் விட மறந்தாலும் கோபிக்காது. வெட்ட வெட்டத் தழைக்கும். குறை என்று பார்த்தால், மழை பெய்து ஓய்ந்ததும் மயிர்க்கொட்டிப் புழு அப்பிக்கொள்ளும். சின்னவளை மரத்தடியில் விளையாட விடாதே. கொப்பு வலு மெத்தல், ஏறினால் பொளுக்கென்று முறியும். நீ பத்து வயதில் ஏறி விழுந்து கையை முறித்தது எந்த மரத்தில் என்று நினைவிருக்கும். மற்றது, உங்கள் ஊரில் மாரி தொடங்கினால் முற்றமே குளமாகிவிடுகிறது என்றாய். முருங்கை ஈரத்தில் நின்றால் வேர் அழுகிப்போகும். கொஞ்சம் மண்ணைக் குவித்து மேட்டில் நடு.

அகத்தி வேறு சாதி. நாற்று நட்ட கையோடு கிடுகிடென்று மேலே போகும். சில மாதத்திலேயே இலை கிள்ளலாம். ஈரத்துக்கு அஞ்சாது. ஆனால் ஆயுள் குறைவு. ஒரு நல்ல காற்று அடித்தால் சரிந்துவிடும். இலையும் பூவும்தான் மிச்சம், காயைச் சமைத்துச் சாப்பிட்டவன் எவனையும் நான் காணவில்லை. கசப்பு. வினோஜா மன்னார்ப் பிள்ளை, சாப்பிடுவாளோ தெரியாது. சின்னவள் நிச்சயம் துப்புவாள். முருங்கை உடம்புக்குச் சூடு, அகத்தி குளிர். விரதச் சமையலுக்கு எங்கள் வீட்டில் முருங்கை சேர்ப்பதில்லை, அகத்தி இல்லாமல் விரதமே இல்லை. ஆனால் நீ அங்கே வேலைத்தலத்தில் பாணும் பட்டரும் சாப்பிடுகிறவன், எந்த விரதத்தைப் பிடிக்கப் போகிறாய்.

எல்லாவற்றுக்கும் மேலே அகத்தியில் ஒரு பெரிய குறை. அது மருந்தை முறிக்கும். இதை நீ சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பாய். நான் இப்போதுதான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு விபரமாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். கார்த்திகைக் கடைசியில் ஆஸ்பத்திரியில் வயிற்றைப் படம் எடுத்தார்கள். டொக்டர் என்னை வெளியே வாங்கில் இருத்திவிட்டுக் கொம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். என்னோடு கத்திக் கதைக்க அவருக்கு நேரமில்லையாக்கும். வெளியில் வந்தவள், ஈரலில் சின்ன வீக்கமாம், நாட்டு மருந்துக்கே மாறிச் சுகம் வந்துவிடுமாம் என்று சொன்னாள். இங்கிலீஷ் வைத்தியம் படித்த ஒருவர் பரியாரியிடம் போகச் சொல்லியிருக்கிறார் என்றால் அது எப்படிப்பட்ட வீக்கம் என்று கேட்க நாக்கு வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து பரியாரியார் சொற்படிதான் வீடு நடக்கிறது. மனிதர் நல்லவர், கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பெயர். காலையும் மாலையும் கசாயம், குளிகை. பத்தியம் என்றால் சும்மா பத்தியம் இல்லை. மீன் இல்லை, மிளகாய் இல்லை, புளி இல்லை. பாகற்காயும் அகத்தியும் வீட்டு வாசலுக்கே வரக்கூடாதாம், அவை மருந்தை முறித்துப்போடுமாம். மருந்து பங்குனியோடு முடிகிறது. முடிந்தாலும் வாயைத் திறக்க முடியாது. மருந்து எவ்வளவு காலமோ அவ்வளவு காலம் மறுபத்தியமும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிடித்த மருந்து கலைந்து உடம்பு பழையபடி விழுந்துவிடும். என் கணக்கில் ஆவணி பிறந்தால்தான் எனக்கு அகத்தி.

கிணற்றடியில் நம்முடைய அகத்தி இப்போது எப்படி நிற்கிறது தெரியுமா. கொப்பெல்லாம் வெள்ளைப் பூ. காலையில் எழும்பிப் பார்த்தால் வாளிக்குள்ளும் பூ, துவைக்கிற கல்லிலும் பூ. நான் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி உப்பில்லாக் கஞ்சி குடிக்கிறேன். மனிதனுக்கு இப்படி ஒரு தண்டனையா. ஒருநாள் கொம்மா கடைக்குப் போன நேரம் பார்த்துக் கொக்கத்தடியை எடுத்து ஒரு கொப்பை வளைத்துவிட்டேன். படலையடியிலேயே கண்டுவிட்டாள். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு உயிரிலை ஆசை இல்லையோ, அதை விடுங்கோ" என்று அவள் வைத்த கூச்சல் எனக்கே கேட்டது என்றால் பாரேன். அன்றோடு கொக்கத்தடியைக் குசினிக்குள் ஒளித்துவிட்டாள். இலையெல்லாம் இப்போது தயாளினி வீட்டு ஆடுகளுக்குப் போகிறது. ஆடுகள் கொழுத்துத் திரிகின்றன.

அகத்தி என்றதும் எனக்கு ஆடி அமாவாசைதான் நினைவுக்கு வருகிறது. என் தகப்பன் காலமான ஆண்டிலிருந்து ஓர் ஆண்டு கூட விட்டதில்லை. இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் மட்டும் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் பதிலாக யாருடையவோ கிணற்றில் முழுகினேன். முழுகிவிட்டு வந்து ஒரு நேரச் சாப்பாடு. இலையில் முதலில் காத்தோட்டிக்காயும் அகத்தி வறையும் வைப்பாள் கொம்மா. நீ சின்னப் பிள்ளையில் நானும் விரதம், நானும் விரதம் என்று காலைக் கட்டிக்கொண்டு அழுவாய். தகப்பன் இருக்கிறவன் பிடிக்கிற விரதம் இல்லையடா அது என்று உன்னைத் தூக்கித் தூர விடுவேன். கேட்கமாட்டாய். அழுது அழுது என் இலையிலேயே நித்திரையாகிவிடுவாய். போன ஆடியில் இதைச் சொல்லிக் கொம்மாவும் நானும் சிரித்தோம். அப்போது எனக்கு நோய் என்று ஒன்றும் தெரியாது.

சரி, முடிவைச் சொல்லவேண்டும். முருங்கையை நடு. நோய்க்காரனும் சாப்பிடலாம், சுகதேகியும் சாப்பிடலாம், பத்தியத்துக்கும் அதிகம் பிழையில்லை. நீண்டகாலம் நிற்கும். சின்னவள் பெரியவளாகி வருகிறபோதும் காய் தரும். அகத்தியைப் போல ஆசையைக் காட்டிவிட்டு ஒரு காற்றில் விழுந்துபோகாது.

நீ இங்கே வந்துபோக அனுமதி கேட்டு அந்தக் கந்தோருக்கு எழுதியிருக்கிறாயாம். அவசரப்படாதே. உன்னுடைய விசா எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அனுமதி இல்லாமல் வெளியேறினால் திரும்ப அந்த மண்ணில் கால் வைக்க விடமாட்டார்கள், வினோஜாவும் பிள்ளையும் அங்கே தனித்துப்போவார்கள். கடலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவன் நீ. அதை என்னால் கெடுத்தேன் என்று இருக்கக்கூடாது. அனுமதி தந்தால் ஆவணியில் வா. அப்போது எனக்கும் பத்தியம் முடிந்திருக்கும். இரண்டு பேரும் இருந்து அகத்திச் சொதி சாப்பிடலாம். தராவிட்டால் விடு.

கண் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. கொம்மா அதை வெயில் வெளிச்சம் என்கிறாள். வயிறு முன்னுக்கு வந்திருக்கிறது, அதை வாயு என்கிறாள். அவள் சொல்வதற்கெல்லாம் நான் ஓம் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதை எழுதியதற்குத் தயாளினி என்னை முறைப்பாள், முறைக்கட்டும்.

முருங்கைத் தடியைச் சரித்து நடு, மேல் முனையில் சாணி அப்பு. சாணி கிடைக்காவிட்டால் களிமண். பிள்ளைக்கு என் முத்தம். உங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கவேண்டும்.

ஆவணியை எண்ணிக்கொண்டிருக்கும்
அப்பா,
பரமலிங்கம்.


சிவமயம்

மருதனார்மடம்,
மாசி மாதம், திங்கட்கிழமை.

அன்புள்ள மகன் டிலக்ஷன் தம்பிக்கு,

இந்தக் கடிதம் படமாக வராது. தபாலில்தான் வரும். முகப்பில் உன் விலாசத்தை நானே எழுதினேன், எழுத்து கோணலாக இருந்தாலும் தபால்காரன் கண்டுபிடிப்பான். ஓட்டோ ஓடுகிற ஜெயரூபனைப் பிடித்து, கொம்மாவுக்குத் தெரியாமல் சுன்னாகம் தபால் கந்தோரில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். மூன்று கிழமையில் வரும் என்கிறான். அதற்குள் உனக்கு வேறு செய்தி வந்தாலும் வந்துவிடும். அப்படி வந்திருந்தால், இதைப் பிரிக்கிறபோது பயப்படாதே. உன் அப்பா எழுதினதுதான்.

என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை பரியாரியார் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக நாங்கள்தான் ஓட்டோவில் அவரிடம் போவோம், இந்த முறை அவரே வந்தார். நான் இப்போது அவ்வளவு தூரம் இருந்துகொண்டு போகமாட்டேன் என்று கொம்மா சொல்லி அனுப்பியிருப்பாள். கையைப் பிடித்து நாடி பார்த்தார். இந்தக் கையைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார், திரும்ப இந்தக் கையைப் பார்த்தார். கண் மடலை இழுத்துப் பார்த்தார். காலில் விரலால் அமத்தினார், அமத்திய இடம் குழியாகவே நின்றது. பிறகு என் தோளில் தட்டி நல்லாய்ச் சிரித்தார். இவ்வளவு நாளும் அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை, எப்போதும் பத்தியம் காக்கவில்லை என்று ஏசுவார்தான்.

கொம்மா அவரை வழியனுப்பப் படலை வரை போனாள். நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செவிடனுக்கு முன்னால் என்னவும் கதைக்கலாம் என்பது எல்லோருடைய எண்ணம். அவர் ஏதோ சொன்னார். கொம்மா படலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் போன பிறகும் படலையைச் சாத்தாமல் அப்படியே நின்றாள். ஒழுங்கையால் போன ஒரு மாடு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, அவள் அதைக் கூடக் கலைக்கவில்லை. கொம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், ஒழுங்கையில் மாட்டுக் கழுத்து மணி கேட்டாலே தடியோடு ஓடுகிறவள்.

பிறகு உள்ளே வந்து குசினிக்குப் போனாள். வெளியில் வருகிறபோது கையில் கொக்கத்தடி.

நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே கிணற்றடிக்குப் போனாள். உச்சியில் இருந்த நல்ல தளிர்க் கொப்பாகப் பார்த்து முறித்தாள். பூவும் பிடுங்கினாள், ஒவ்வொரு பூவாக நடுத்தண்டைக் கிள்ளி எறிந்து சுளகில் போட்டாள். தேங்காய் திருவினாள். இவ்வளவும் என் கண்ணுக்கு முன்னால். தம்பி, நான் கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எழும்பி ஓடவேண்டும் போல இருந்தது. கால் வராது.

மத்தியானம் இலை போட்டாள். பத்தியம் தொடங்கிய நாளிலிருந்து கோப்பையில் கஞ்சி குடித்தவனுக்கு வாழையிலை. சோறு, அகத்தி வறை, பூவைப் போட்ட சொதி, பக்கத்தில் ஒரு துண்டு பாரை மீன் பொரியல் கூட. காதுக்குள் வாயை வைத்து, "பரியாரியார் சொன்னவர், மருந்து நல்லாய்ப் பிடிச்சிட்டுதாம், இனி நீங்கள் விரும்பினது எல்லாம் சாப்பிடலாமாம்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

அவள் மறுபத்தியத்தை மறந்துவிட்டாள், தம்பி. மருந்து பிடித்திருந்தால் மறுபத்தியம் இருக்கிறதே. ஆடி முடியும் வரை எனக்கு அகத்தியைக் கண்ணிலும் காட்டியிருக்கமாட்டார்கள். பரியாரியார் அதை விடுகிற ஆளில்லை, கொம்மாவும் விடுகிற ஆளில்லை. அவளுடைய தமையனுக்கு மஞ்சட்காமாலை மாறியபோது அவர் பொழுதுக்கும் கெஞ்சியும் ஒரு இலை கொடுக்காமல் மறுபத்தியம் காத்தவள் இவள்தான். முறிக்க மருந்து இல்லை என்றால்தான் அகத்தி போடுவார்கள். நாலு பேர் சேர்ந்து வாய் திறக்காமல் காத்த விஷயத்தை ஆசையோடு ஒரு வறையில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டாள். பாவம், அவளுக்குப் பொய் சொல்லத் தெரிந்ததே இல்லை.

நான் சாப்பிட்டேன். நான் சாப்பிடாவிட்டால் எனக்கு விளங்கிவிட்டது என்று அவளுக்கு விளங்கிவிடும். வாய்க்குள் வைத்ததும் அந்தக் கசப்பு, அந்தத் தேங்காய்ப்பூ வாசம், எல்லாம் அப்படியே இருந்தது. ருசி போயிருக்கும் என்று நினைத்தேன், போகவில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்று கையைக் காட்டினேன். அவள் ஓடிப்போய்ச் சட்டியோடு கொண்டுவந்தாள். வயிற்றில் இடம் இல்லை. இரண்டாம் முறை போட்டதையும் எப்படியோ விழுங்கினேன். சாப்பிட்டு முடித்து, ஆவணி வரை பொறுக்கவேண்டி வருமென்று பயந்தேன், தப்பிவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். வெகுநேரம் முகம் கழுவினாள்.

இரவு முழுக்கச் சத்தி எடுத்தேன். அதற்கு மீனைக் குற்றம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நீ வீடியோவில் வந்தாய். சின்னவள் ஏதோ கீறின படத்தைக் காட்டினாள். நீ சிரித்தாய், பிறகு போனை வினோஜாவிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாய். உன் முதுகு குலுங்கினதை நான் கண்டேன். காதுதானே போனது, கண் இன்னும் இருக்கிறது. அந்தக் கந்தோரிலிருந்து உனக்கு மாட்டோம் என்று பதில் வந்திருக்கும். கொம்மா என் காதுக்குள், "தம்பிக்குத் தடிமனாம்" என்றாள். நான் ஓம், கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல் என்றேன்.

தயாளினியின் கலியாணத்தை வைகாசியில் இருந்து இந்த மாசிக் கடைசிக்கு இழுத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம். அந்தப் பிள்ளையின் தாய் வந்து சொல்லுகிறபோது என்னைப் பார்க்கக் கூசினாள். எனக்குக் கோபம் இல்லை. பக்கத்து வீட்டில் செத்தவீடு கிடக்கும்போது எப்படி மேளம் அடிக்கிறது. அவர்கள் செய்வது சரி. அதுவரைக்கும் எப்படியும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடவேண்டும் என்று பார்க்கிறேன். அந்தப் பிள்ளையின் நல்ல நாளைக் கெடுக்கக்கூடாது.

தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதுதான் உனக்கு எழுதுகிறேன். வா என்று எழுதவேண்டும் போலக் கை வருகிறது. வராதே. உன்னை அங்கே வைத்திருக்கிற அந்தக் கடுதாசியைப் பழுதாக்காதே. உன் முகத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று ஆசை, உள்ளது. ஆனால் என் கண் மூடின பிறகு நீயும் நடுத்தெருவில், வினோஜாவும் பிள்ளையும் அங்கே அழுதுகொண்டு என்றால் அது எனக்கு எந்த விதத்தில் சுகம். செத்தவீட்டையும் வீடியோவில் பார். கொள்ளி வைக்க உன் பெரியப்பாவின் மகனை ஏற்கெனவே மனதில் நினைத்து வைத்திருக்கிறேன். கொம்மா கேட்டால் அது உன் யோசனை என்று சொல்.

இன்னொன்று. நான் போன பிறகு கொம்மா உன்னிடம், அப்பாவுக்குக் கடைசி வரை ஒன்றும் தெரியாது, சுகம் வந்துவிட்டது என்று நினைத்து ஆசையாக அகத்தி சாப்பிட்டார் என்று சொல்லுவாள். திரும்பத் திரும்பச் சொல்லுவாள். ஓம் அம்மா, ஓம் அம்மா என்று கேட்டுக்கொள். ஒரு நாளும் மறுத்துச் சொல்லிவிடாதே. எனக்காக அவள் செய்ய முடிந்தது அந்த ஒன்றுதான். அது கைகூடியது என்று அவள் நம்பிக்கொண்டு இருக்கட்டும். இந்தத் தாள்களை வாசித்ததும் கிழித்துப் போடு.

இனி மரத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் எழுதினதை விட்டுவிடு. தடியை வாங்கி நட்டிருந்தால் பிடுங்கு, வேர் இன்னும் ஆழமாகப் போயிருக்காது. நீண்டகாலம் நிற்கிறது, காய் தருகிறது என்று நான் சொன்ன நியாயம் எல்லாம் சரிதான், ஆனால் முருங்கை உனக்கு இந்த ஆண்டு உதவாது. அந்தத் தீமோர்க்காரியிடம் அகத்தி நாற்று வாங்கு. வெள்ளைப் பூப் பூக்கிறதாகக் கேட்டு வாங்கு. தண்ணீர்த் தாங்கிப் பக்கம் ஈரம் நின்றாலும் அதற்குச் சேதம் இல்லை. காற்றுக்குச் சரியாமல் ஒரு கம்பு நட்டுக் கட்டிவிடு. இந்தக் கடிதம் கிடைத்த கிழமையே நட்டாயானால் ஆடி மாதம் இலை கிள்ளலாம். ஒரு கைப்பிடி தேறினால் போதும்.

அமாவாசை எந்தத் திகதியில் வருகிறது என்று கொம்மாவிடம் கேள், அவள் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லுவாள். அன்றைக்கு வேலைக்குப் போகாதே. கீரிமலைக்கு உன்னால் வர ஏலாது. உங்கள் ஊர்க் கடலுக்குள் முதலை இருக்கிறது என்று நீயே சொன்னாய், ஆகவே கடலுக்கும் போகவேண்டாம், குழாயடியில் முழுகு. காத்தோட்டிக்காய் அங்கே கிடைக்காது, அதற்காக ஓடித் திரியாதே. வினோஜாவுக்கு வறை செய்யத் தெரியாவிட்டால், இலையைக் குறுணியாக அரிந்து, வெங்காயம் போடாமல், தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் சேர்த்து ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்கச் சொல். கன நேரம் அடுப்பில் வைத்தால் கறுத்துப்போகும். வாழையிலை கிடைத்தால் வாழையிலையில் முதலில் அதை வை. சின்னவள் கசக்கிறது என்று துப்பினால் அடிக்காதே. அவள் நானும் விரதம் என்று அழுதால் மட்டும் தூக்கித் தூர விடு.

நீ சின்னப் பிள்ளையில் அழுது அழுது கேட்டதற்கு நான் மறித்துக்கொண்டே இருந்தேன். இந்த ஆடியிலிருந்து நீ பிடிக்கலாம், ராசா. இனி மறிக்கமாட்டேன்.

நல்லாயிரு. கொம்மாவோடு நாள் தவறாமல் கதை.

அப்பா